கதையைப் பின்னாலிருந்து சொல்லுங்கள்

எங்கள் பகுதி ஜெராக்ஸ், இணைய சேவைக் கடைக்காரர்கள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. அதற்குக் கட்டுரை கேட்டு வந்த இரண்டு பேரும் முதலில் கேட்டது என் போட்டோவையும் ஆதார் நகலையும்தான்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"போட்டோ மலர்ல போட. ஆதார் சும்மா ரெக்கார்டுக்குக்கா."

கட்டுரை எழுதுகிறவளுக்கு ஆதார் எதற்கு? சங்கத்து ஆள் என்றால் மட்டும் நம்பிவிடுவேனா? கட்டுரை தருகிறேன், மற்றது கிடையாது என்று அனுப்பிவிட்டேன். அதனால் இந்தப் பக்கத்தில் என் முகம் இருக்காது. தாம்பரத்தில் அதற்குத் தேவையும் இல்லை. தாலுகா ஆபீஸ் பக்கம் போய் தனம் அக்கா கடை எது என்று கேட்டுப் பாருங்கள். கடை பூட்டியிருந்தாலும் கை காட்டுவார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை டைப் அடித்தவள் என் மருமகள் ரேவதி, பி.காம். நான் சொன்னதைத்தான் அடித்தாளா என்று பாராவுக்குப் பாரா படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஆகவே இதில் பிழை இருந்தால் அது அச்சகத்தின் வேலை.

இப்போது தொழிலுக்கு வந்திருக்கும் இளசுகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எல்லாத்துக்கும் இப்ப போன்ல முகத்தக் காட்டுனா போதும்க்கா. உங்க காலத்துல எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று. காகிதத்தைப் பார்த்து நான் எதையும் கண்டுபிடித்ததில்லை. ஆளைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். காகிதம் பேசாது. ஆள் பேசுவான்.

நான் படித்தது ஐந்தாவது. கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணம் ஆகித் தாம்பரம் வந்து, சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றேன். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். நான் மீன் வாங்குகிறவளின் முகத்தைத் தூக்கிப் பார்ப்பேன். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்பவர்களில் எவள் தருவாள், எவள் கதவைச் சாத்துவாள் என்று தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒரு படிப்பு போதும் என்று எனக்கு வேலை கொடுத்தவர் வரதராஜன் சார்.

சார் தாலுகா ஆபீஸ் சுவரோரம் தார்ப்பாய் கட்டி டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். மனு எழுதுவது அவர் தொழில். எங்கள் ரேஷன் கார்டில் என் வீட்டுக்காரர் பெயருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வந்துவிட்டது என்று நான் அவரிடம் போனேன். என் முறை வரும்வரை கூடையோடு ஓரமாக நின்றபோது, ஒரு ஆள் தன் அண்ணன் இறந்துவிட்டதாக மனு எழுதச் சொல்லி அழுதுகொண்டிருந்தான். "இந்தாளு அண்ணன் உசுரோட கீறாரு சார்" என்று சொல்லிவிட்டேன். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். மறுவாரம் நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரும் முன் எலுமிச்சம்பழத் தோலால் கை கழுவ வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மீன் வாசனையில் அவருக்கு எழுத்து வராதாம்.

சாரின் தொழில்முறையை இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். அதை இன்றைக்கு யாரும் செய்வதில்லை.

யார் வந்து காகிதம் நீட்டினாலும் அவர் படிக்கமாட்டார். வாங்கி, அப்படியே கவிழ்த்து, பித்தளை வெயிட்டுக்கு அடியில் வைத்துவிடுவார். "முதல்ல வாய். அப்புறம் காகிதம்" என்பார். வந்தவர் கதையைச் சொல்லச் சொல்ல சார் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது. கதை முடிந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம், "இப்ப பின்னாலேருந்து சொல்லுங்கோ" என்பார்.

கடைசியில் நடந்ததிலிருந்து தொடங்கி, அதற்கு முன்னால், அதற்கு முன்னால் என்று தொடக்கத்துக்குப் போக வேண்டும். வந்தவர்கள் திணறுவார்கள். சிலருக்குக் கோபம் வரும். "பட்டவன் எந்தப் பக்கத்திலேருந்து வேணும்னாலும் வருவான் தனம். கதை கட்டினவன் கட்டின வரிசையிலதான் வருவான். திருப்பி விட்டா தடுக்கி விழுந்துடுவான்" என்று சார் எனக்குச் சொன்னார்.

இதைவிடப் பெரிய விஷயம், பொய் என்று தெரிந்த பிறகு அவர் நடந்துகொள்ளும் விதம். ஒருவரையும் பொய்யர் என்று சொன்னதில்லை. டைப்ரைட்டர் மேல் உறையைப் போட்டு மூடி, "மெஷின் ரிப்பேர்" என்பார். அவ்வளவுதான். அந்த ஆளுக்கு அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும் மெஷின் ரிப்பேர்.

சார் காலமான பிறகு நான் சொந்தமாகக் கடை போட்டேன். கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர், லேமினேஷன் மெஷின் எல்லாம் என் சம்பாத்தியம். ரேவதி வந்த பிறகு டைப்பிங் அவள் பொறுப்பு, விசாரணை என் பொறுப்பு. பித்தளை வெயிட் என் மேஜைக்கு வந்தது. மெஷின் ரிப்பேர் மட்டும் காலத்துக்கேற்ப மாறியது. நான் "ரேவதி, சர்வர் இன்னாச்சு பாரு" என்பேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே "டவுனு அத்தே" என்பாள்.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, எங்கள் பிள்ளைகள் வெளிநாடு போய்த் திரும்ப ஆரம்பித்ததும் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. அங்கே பிறந்த பிள்ளைக்கு இங்கே காகிதம் வாங்குவது. தாத்தா பேங்கில் பணம் போடுவார், மாமா மனை எழுதி வைப்பார், உடனே குழந்தைக்குப் பான் நம்பர் வேண்டும். இதில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. இந்தியப் பிரஜைக்கு 49 ஏ என்று ஒரு ஃபாரம், வெளிநாட்டுப் பிரஜைக்கு 49 டபுள் ஏ என்று வேறு ஃபாரம். அமெரிக்காவில் பிறந்து அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு, அப்பன் ஆத்தா இரண்டு பேரும் தாம்பரத்தார் என்றாலும், டபுள் ஏதான்.

இதில் விசேஷம் என்னவென்றால், அமெரிக்கா என்று சொன்னால் நான் ரேட்டை ஏற்றிவிடுவேன் என்று பயந்து பிறந்த ஊரையே மறைப்பார்கள். ஒரு தம்பதி கைக்குழந்தையோடு வந்து, பல்லாவரத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று அடித்துச் சொன்னார்கள். சரி, பின்னாலிருந்து சொல்லுங்கள் என்றேன். கணவன்தான் ஆரம்பித்தான்.

"பேர் வெச்சோம். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தோம். அதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ். கார் ஸ்டார்ட் ஆகல, ஒரே ஸ்நோ..."

மனைவி அவன் தொடையைக் கிள்ளினாள்.

"பல்லாவரத்துல எப்பலேர்ந்துப்பா பனி கொட்டுது?" என்றேன். ரேவதி சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடினாள். அன்றிலிருந்து குழந்தை கேஸ் எது வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான். பிள்ளை எங்கே பிறந்தது?

இப்போது ஏகாம்பரம் அண்ணன் கேஸுக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் என்று தேட வேண்டாம்.

அவர் கோவிலம்பாக்கத்துப் பழைய குடும்பம். விவசாய நிலம் எல்லாம் மனையாகி, மனை எல்லாம் வாடகை வீடாகி, சௌகரியமாக இருப்பவர். பட்டா, வில்லங்கச் சான்று என்று எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வருவார். ஒரு நாள் காலை அவர் கடைக்குள் நுழையும்போதே சந்தன வாசனை அடித்தது. இடுப்பில் பேத்தி. இரண்டு வயதுதான் இருக்கும். பளபளவென்று மொட்டை, தலை முழுக்கச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பட்டுப்பாவாடை. பின்னால் ஃபைலோடு அவர் மகன் சதீஷ், அமெரிக்காவில் வேலை பார்ப்பவன்.

"இன்னா தனம், கடை ஜோரா கீது. இதுதான் நம்ம வூட்டு மகாலட்சுமி. குலதெய்வம் கோயில்ல மொட்ட அடிச்சிட்டு நேரா உன்கிட்டதான் வந்துகினு கீறோம்."

"சந்தோஷம்ண்ணா. பாப்பா எங்க பொறந்தது?"

"அது இன்னாத்துக்கு? அத்தத்தான் மாத்தணும்ன்றேன். மேடவாக்கம் மனைய இவ பேர்ல எழுதப் போறேன். பான் கார்டு போடு, ஆதார் போடு. வூட்டுலயே பிரசவமாச்சுன்னு மனு எழுதி இங்க பொறந்தா மாதிரி ஒரு சர்ட்டிபிகேட்டும் வாங்கிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

சதீஷ் ஃபைலை நீட்டினான். நீல நிற பாஸ்போர்ட் ஓரம் தெரிந்தது. வாங்கிக் கவிழ்த்து வெயிட்டுக்கு அடியில் வைத்தேன்.

"மொதல்ல வாய்ண்ணா. அப்புறம்தான் காயிதம்."

"எனக்கேவா?" என்று சிரித்தார். சொன்னார். மகனுக்கும் மருமகளுக்கும் அங்கே வேலை அதிகம், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, இங்கேயே தாத்தா வீட்டில் வளரட்டும் என்று மருமகளே சொல்லி அனுப்பினாள், வந்ததும் மொட்டை அடித்தோம், இனி இங்கேதான் ஸ்கூல். நல்ல கதை. எங்கும் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாத கதை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

"இப்ப பின்னாலேர்ந்து சொல்லுண்ணா."

"தமாசு பண்றியா? சரி. உன் கடைக்கு வந்தோம். அதுக்கு முன்னாடி பொங்க வச்சோம். அதுக்கு முன்னாடி மொட்ட."

"யார் மடியில உக்கார வச்சீங்கோ?"

அங்கே நின்றார்.

இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மொட்டை அடிக்கும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அவர்கள் ஊரானாலும் சரி, எங்கள் குப்பமானாலும் சரி. மாமனோடு வெட்டுப்பழி குத்துப்பழி இருந்தாலும் அன்றைக்கு மட்டும் போய் அழைத்துவிட்டு வருவார்கள். மாமன் இல்லாமல் மொட்டை அடித்தால் தாய்வீட்டுக்குச் செய்கிற அவமரியாதை. அதைத் தாயே பொறுக்கமாட்டாள்.

"என் மச்சான் மடியிலதான்" என்றார் அண்ணன்.

"உன் மச்சான் சதீஷுக்கு மாமன். பாப்பாவுக்கு எப்டிண்ணா மாமனாவான்?"

"சொந்த மாமன்காரன் செம்பாக்கத்துல மருந்துக்கட வச்சிக்கினு கீறான். அவனக் கூப்ட்டா பேஜாரு."

"அப்பா" என்றான் சதீஷ், மெதுவாக. பிறகு தரையைப் பார்த்தான்.

பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கும் தாய்மாமனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேஜார். அப்படியென்றால் பிள்ளை இங்கே இருப்பதே தாய்வீட்டுக்குத் தெரியாது. தாய்வீட்டுக்குத் தெரியாது என்றால் தாய்க்கு என்ன தெரியும்? நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தை மேஜையில் இருந்த என் போனை எடுத்துக் காதில் வைத்து, "மம்மி?" என்றது. பட்டனை அழுத்தவில்லை, ஒன்றுமில்லை. "மம்மி? மம்மி?" அண்ணன் வெடுக்கென்று போனைப் பிடுங்கினார். அவர் பட்டா வாங்கும்போதுகூட அவ்வளவு வேகமாகக் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

சோதித்துவிடலாம் என்று, "பான் கார்டுக்கு அப்பன் கையெழுத்தே போதும்ண்ணா. அமெரிக்கா பாஸ்போர்ட் வச்சி 49 டபுள் ஏ போட்டுத் தரேன். இன்னிக்கே முடிஞ்சிரும்" என்றேன்.

"அமெரிக்கா ஃபாரம் வேணாம். நம்மூரு ஃபாரம் போடு."

மனை எழுதுவதுதான் நோக்கம் என்றால் எந்த ஃபாரமானால் என்ன? நம்பர் வந்தால் சரி. வேண்டாம் என்கிறார் என்றால் மனை ஒரு சாக்கு. பிள்ளை அங்கே பிறந்தது என்பதையே அழிக்கப் பார்க்கிறார். இங்கே பிறந்ததாகச் சர்டிபிகேட், அதை வைத்து ஆதார், அதை வைத்து ஸ்கூல். நாளைக்கு ஒருத்தி வந்து என் பிள்ளை என்று நின்றால், எந்தப் பிள்ளை என்று கேட்பார்கள்.

"ரேவதி, சர்வர் இன்னாச்சு பாரு."

"டவுனு அத்தே."

"சர்வர் வந்தாலும் ஆதாருக்கெல்லாம் வழி வேறண்ணா. வெளிநாட்டுக் கொழந்த இங்க ஆறு மாசமாச்சும் தங்கியிருக்கணும். வெளிநாட்டு இந்தியர் கார்டு வாங்கணும்னா ஆத்தா அப்பன் ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும். நான் பாப்பாவோட அம்மாவப் பாக்கணும். வீடியோவுலனாச்சும்."

அண்ணன் போகும்போது வாசலில் நின்று, "மீன்காரிக்கு ரொம்பத்தான் ராங்கி" என்றார். மகனிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார். கூடை சுமந்தவள் என்பதை எவனும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நானே கடை போர்டில் போடாத குறைதான்.

சில நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். முகத்தில் ஒரே சிரிப்பு. "மருமவகிட்ட நீயே பேசு" என்று போனை நீட்டினார். வீடியோவில் ஒரு பெண். முகத்தில் தூக்கக் கலக்கமே இல்லை.

"வணக்கம்க்கா. நான்தான் ஆதிராவோட அம்மா. அங்கயே எல்லாம் பண்ணிடுங்க. எனக்குச் சம்மதம்."

எங்கள் கடையில் அப்போது முன்பகல். அமெரிக்காவில் இருட்டு என்பது மீன் விற்கிறவளுக்கும் தெரியும். அவள் பின்னால் ஜன்னலில் வெயில் அடித்தது. அந்த நேரம் பார்த்து அவள் தெருவில் ஒரு வண்டி போனது. "பழைய இரும்பு, பழைய பேப்பர், பிளாஸ்டிக், உடைஞ்ச சேர் எடுக்கறதே..." என்று ஒலிபெருக்கி கத்தியது.

"அமெரிக்காவுலயும் ஒடைஞ்ச சேர் எடுக்க வர்றாங்களாண்ணா?" என்றேன்.

போன் அணைந்தது. அது அவர் மகள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அண்ணன் குரலைத் தாழ்த்தி, "தனம், அந்தப் பொண்ணு என் மவனோட சண்ட போட்டுக்கினு கீது. நாளைக்குப் பிரிஞ்சிடுச்சின்னா கொழந்தய அதுகூட வச்சிக்கும். எங்க வூட்டு ரத்தம் எவன் ஊர்லயோ வளரணுமா? நீயும் பேரன் பேத்தி எடுத்தவதானே?" என்றார். அவர் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. கண் கலங்கியிருந்தது. அதையும் நான் நம்பவில்லை. கலங்கிய கண்ணோடு களவாடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"சர்வர் டவுனுண்ணா" என்றேன்.

மறுநாள் செம்பாக்கம் போனேன். வேறு யாராவது என்றால் நம் கடையில் ஃபாரம் போடவில்லை, நம் வேலை முடிந்தது என்று இருந்திருப்பார்கள். நான் போய்ச் சொன்னால் தீரும், சொல்லாவிட்டால் இன்னொரு கடையில் சர்வர் நன்றாக ஓடும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருக்கள் எல்லாம் நான் கூடையோடு நடந்தவை. எந்தக் கேட்டில் நாய் இருக்கும் என்பதுவரை தெரியும். மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி, கோவிலம்பாக்கத்தில் பெண் கொடுத்தவர் கடை எது என்று கேட்டுக் கேட்டு, பிரகாஷ் என்பவரைக் கண்டுபிடித்தேன். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தங்கச்சி பாப்பாவுக்கு மொட்ட அடிச்சாங்களே. மாமன் சீர் இன்னா சார் செஞ்சீங்கோ?"

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. "யாருக்கு மொட்டை? பாப்பா இந்தியா வந்திருக்கா?"

நடிக்கிறாரோ என்று தோன்றியது. "தங்கச்சிக்கு இப்பவே போன் போடுங்கோ. ஸ்பீக்கர்ல. இங்க வந்த சேதிய நீங்களா சொல்லக் கூடாது. பாப்பா எங்கன்னு மட்டும் கேளுங்கோ" என்றேன். அந்த மனிதர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போட்டார். எதிர்முனையில் தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

"என்னண்ணா, இந்த நேரத்துல?"

"பாப்பா எங்கம்மா?"

"உனக்குச் சொல்லவே இல்லையா? ஊட்டியில. மாமனாருக்கு உடம்பு முடியலன்னு அவர் பாப்பாவோட வந்தார். அப்புறம் எல்லாரும் ஊட்டிக்குப் போயிருக்காங்க. அங்க டவர் கிடைக்கலையாம். பாப்பாகிட்ட பேசியே ரொம்ப நாளாச்சுண்ணா..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஏன் கேக்கற?"

இதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. அண்ணன் தங்கை அழுகையில் எனக்கு வேலை இல்லை.

இந்தக் கேஸுக்குப் பிறகு ஏகாம்பரம் அண்ணன் என் கடைப் படி ஏறியதில்லை. கல்யாண வீட்டில் எதிரே பார்த்தால் பந்தி மாறி உட்காருவார். குழந்தைக்குப் பான் நம்பரைப் பிற்பாடு டபுள் ஏ ஃபாரத்தில் அமெரிக்காவிலிருந்தே வாங்கிவிட்டார்கள், மனையும் எழுதியாயிற்று என்று ரேவதி சொன்னாள். நான் கண்ணால் பார்க்காததால் நம்பவில்லை. கண்ணால் பார்த்த ஒரு நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நித்யா என்கிற அந்தத் தாய் விமானம் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் என் கடைக்குத்தான் வந்தாள் என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படி இல்லை. முதலில் கோவிலம்பாக்கம் போய் வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறாள். தெரு கூடியதும் வேறு வழியில்லாமல் உள்ளே விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே பிள்ளையோடு சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பிரகாஷோடு என்னிடம் வந்தாள். குழந்தைக்கு மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. தாயின் கழுத்தை விடவே இல்லை.

"அக்கா, பாப்பா பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சு. அமெரிக்கத் தூதரகத்துல புதுசு கேட்டு அப்ளை பண்ணணும். ரொம்ப அவசரம்."

"மொதல்ல வாய்" என்றேன்.

பிரகாஷுக்குக் கோபம் வந்தது. "என்னக்கா நீங்க? நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். அதுக்காவ விட்டுருவனா? பின்னாலேர்ந்து சொல்லும்மா. பாஸ்போர்ட் எங்க தொலைஞ்சுது?"

நித்யா ஏதோ சொல்லத் தொடங்கினாள். டாக்ஸி என்றாள். பிறகு பை என்றாள். பையில் இல்லாதது டாக்ஸியில் எப்படித் தொலையும்? தடுக்கி நின்றாள்.

"தொலையல. மாமனார் பீரோல பூட்டி வச்சிருக்கார்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அப்பா கையெழுத்து கேப்பீங்க."

"இப்பவும் கேப்பேன். புதுசுக்கும் அப்பன் சம்மதம் வேணும். இருக்கற பாஸ்போர்ட்லயே போனாலும் அப்பன் சம்மதக் கடுதாசி கையில இருந்தா எவனும் வழி மறிக்கமாட்டான்."

"அவங்க என் பொண்ணத் திருடினாங்க. அவங்களுக்கும் எனக்கும் ஒரே சட்டமாக்கா?"

"ஒரே சட்டந்தாம்மா. ரேவதி, சர்வர்?"

ரேவதி என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளுக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில், "டவுனு அத்தே" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். நித்யா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிரகாஷ் என்னைத் திட்டினார். திட்டட்டும். அன்று நான் தாயின் பொய்க்கு இடம் கொடுத்திருந்தால், தாத்தாவின் பொய்யை மறிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சதீஷ். சட்டை முழுக்க வியர்வை. கையில் அவன் அம்மா கோயிலுக்கு எடுத்துப்போகும் பூக்கூடை. அதற்குள் கைவிட்டு அந்த நீலப் பாஸ்போர்ட்டை எடுத்தான். குழந்தை "டாடி" என்றது. பிரகாஷ் எழுந்து தங்கைக்கு முன்னால் போய் நின்றார்.

எனக்கு உடனே சந்தேகம். அப்பன் அனுப்பி வந்திருக்கிறானா? பாஸ்போர்ட்டைக் காட்டிப் பிள்ளையைப் பிடுங்கிப் போக வந்தானா? கார் எங்கே நிற்கிறது, உள்ளே யார் என்று ரேவதியை எட்டிப் பார்க்கச் சொன்னேன். கார் இல்லை என்றாள். பாஸ்போர்ட்டை வாங்கிக் கவிழ்த்து வெயிட்டுக்கு அடியில் வைத்தேன்.

"அக்கா, டைம் இல்ல. அப்பா முழிச்சுட்டார்னா..."

"மொதல்ல வாய். முன்னாலேர்ந்து நீ எனக்குச் சொல்ல வேணாம். பின்னாலேர்ந்து சொல்லு."

பூக்கூடையைக் கீழே வைத்தான்.

"இங்க வந்தேன். டாக்டர்னு சொன்னாலும் இவ இங்கதான் வருவான்னு தெரியும். அதுக்கு முன்னாடி பஸ்ல வந்தேன். கார் எடுத்தா சத்தம் கேக்கும். அதுக்கு முன்னாடி பீரோவத் திறந்தேன். சாவி அம்மாதான் கொடுத்தாங்க. எதுக்குன்னு கேக்கல. கூடையையும் அவங்களே கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி... நித்யா வாசல்ல நின்னு கத்தினப்ப நான் மாடியில இருந்தேன். கீழ இறங்கல."

நித்யா அவனைப் பார்க்கவில்லை.

"அதுக்கு முன்னாடி உங்க கடை. ஃபைலை நான்தான் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி மொட்டை. பாப்பா என்னைப் பாத்துப் பாத்து அழுதா. நான் போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி அங்க ஏர்போர்ட். சீக்கிரம் கூட்டிட்டு வந்துடறேன்னு இவகிட்ட சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தன்னைத்தானே வெட்டிக்கொண்டே நேராகப் போனான்.

"அதுக்கு முன்னாடி?" என்றேன்.

நின்றான். பொய் சொல்கிறவன் நிற்கிற இடம் எனக்குத் தெரியும். இது அந்த இடம் இல்லை. குழந்தையின் முள்முள்ளான தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கா. வெளிய பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. இவளுக்கு ஆபரேஷன், மயக்கம் தெளியல. நர்ஸ் துணியில சுத்தி என் கையிலதான் கொடுத்தாங்க. இவ கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் உக்காரவே இல்ல. முழிச்சதும் இவகிட்டதான் முதல்ல கொண்டுபோய்க் கொடுத்தேன்."

நான் அவனிடம் இதுவரை கேட்டே இராத என் முதல் கேள்விக்குத் தானாகவே வந்து சேர்ந்திருந்தான். பிள்ளை எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு.

வெயிட்டை எடுத்தேன். பாஸ்போர்ட்டைத் திருப்பி, போட்டோப் பக்கத்தை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சுருட்டை முடியோடு இருந்த முகத்தையும் எதிரே இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஆனபிறகு, "ரேவதி..." என்றேன்.

"சர்வர் வந்துடுச்சு அத்தே" என்றாள் அவள். நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை. சம்மதக் கடிதத்தின் முதல் வரியை அவள் ஏற்கெனவே அடித்து முடித்திருந்தாள்.